முடிச்சுக்கு உரிமைக்காரர்

— ஆக மொத்தம், நான் திருடன்னு நானே கையெழுத்துப் போட்டுத் தரணும். அவ்வளவுதானே முதலாளி?

— திருடன்னு எங்கய்யா எழுதியிருக்கு? ‘இவருடைய கிட்டார் பெடலைப் பார்த்து அதேபோல் செய்து விற்றேன், வடிவமைப்பு முழுக்க இவருடையது’ன்னு மரியாதையாத்தானே எழுதியிருக்கு.

— மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மூணு இடத்துல ‘மேற்படி நபர்’னு போட்டிருக்கீங்க. என் கல்யாணப் பத்திரிகையிலகூட என் பேச்சு இத்தனை தடவை வரல.

— விளையாடாதே டாக்டரே. ரிப்பேர்காரனை ஊரே டாக்டர்ங்குது, நானும் சொல்லித் தொலைக்கிறேன். காலால ஒரு மிதி மிதிச்சா கிட்டார் உறுமுது பாரு, அந்த உறுமல் என் பத்து வருஷ உழைப்பு. அதைப் பாதி விலைக்கு மேசை மேல குவிச்சு வெச்சிருக்கே.

— கால் விலைக்கு. பாதின்னு சொல்லி என் வியாபாரத்தைக் கெடுக்காதீங்க.

— நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி என் டிசைனை வாங்க வருது. இதுக்கு வேற யாரும் உரிமை கொண்டாடக் கூடாதுங்கிறான். நீ கையெழுத்துப் போட்டா நான் போயிட்டே இருப்பேன். இல்லேன்னா கோர்ட்டுதான். ஷட்டரை எதுக்கு இறக்குற?

— எதிர்வெயில். கண்ணு கூசுது. பாதிதானே இறக்கியிருக்கேன், உக்காருங்க. ஒண்ணு கேக்குறேன், நான் உங்களதைப் பார்த்துத்தான் செஞ்சேன்னு என்ன அத்தாட்சி? உள்ள எல்லாத்து மேலயும் கறுப்புப் பிசினை ஊத்தித் தார் ரோடு போட்டு வெச்சிருக்கீங்க. யாரு பார்க்க முடியும்?

— பிசினுக்கு வெளியே தெரியுதே பேட்டரி வயர் ரெண்டு, அதுல முடிச்சு போட்டிருக்கு. உன் பெடல் பெட்டியிலயும் அச்சு அசலா அதே முடிச்சு! முடிச்சுல இருந்தாய்யா சத்தம் வருது? எதுக்குன்னே தெரியாம அதையும் காப்பி அடிச்சிருக்கே. வக்கீல் விழுந்து விழுந்து சிரிச்சார்.

— நிஜமாவே தெரியல. சொன்னா தெரிஞ்சுக்குவேன்.

— ஒரு முடிச்சுன்னா கரண்ட் வர்ற வயர். ரெண்டு முடிச்சுன்னா கிரவுண்டு, தொட்டா ஒண்ணும் ஆகாது. உன் தங்கச்சி புருஷனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தானே தெரியும்? அவனைக் கூட்டாளியா வெச்சுக்கிட்டு வயர் வேலை பார்க்கிறதுன்னா சும்மாவா?

— வாஸ்தவம். சிவப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, ‘இந்தப் பச்சை எனக்கு எடுப்பா இருக்கா மச்சான்?’னு கேப்பாரு. அப்ப, முடிச்சு போடுறது மாப்பிள்ளையோட யோசனை.

— என் யோசனை! அவனுக்கு முடிச்சு போட்டுக் குடுத்ததே நான்தான். இப்ப அது என் பெட்டிக்கே முத்திரை.

— தங்கச்சி வேற மாதிரி சொல்றா. சத்தத்தைக் கண்டுபிடிச்சதே அவருதானாம். கடைசி வாரத்துல, ‘பெட்டி மேல என் பேரும் வரணும்’னு உங்ககிட்ட சண்டை போட்டாராமே?

— கேட்டான். பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தவனுக்கெல்லாம் பேர் போட்டா பெட்டியில இடம் எங்கய்யா இருக்கு? செத்துப் போனவனைப் பத்திப் பேச வேண்டாம். நானும்தான் அழுதேன். பேனாவைப் பிடி.

— பிடிச்சாச்சு. ஆனா இந்தப் பேப்பர்ல ஒரு ஓட்டை இருக்கு முதலாளி. பெட்டி உங்களோடதுன்னு நான் எழுதித் தர்றேன், முடிச்சு உங்களோடதுன்னு நீங்க எங்கேயும் எழுதலையே. நாளைக்குத் தங்கச்சி ஒரு வக்கீலோட வந்து, ‘அது என் புருஷன் போட்ட முடிச்சு, பெட்டியில எனக்கும் பங்கு உண்டு’ன்னா?

— அவ வருவாளா?

— வராம? பொண்ணு படிப்பு இருக்கே. ஒரே வரி எழுதிட்டா அவ வாயை அடைச்சிடலாம். பெட்டியில போட்ட முடிச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க. ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்ல மாப்பிள்ளை முடிச்சு போட்டாரு, அங்கேருந்து நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு அடுத்த கேள்வி வரும்.

— ஏய்யா, உனக்கு வியாபாரி மூளைய்யா. குடு இப்படி. ‘என் பட்டறையில் பெட்டி, ஆம்ப் எதுவானாலும், வயர்களில் உள்ள எல்லா முடிச்சுகளும் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நானே போட்டவை. வேறு யாரும் போட்டதில்லை.’ போதுமா?

— அர்த்தத்தையும் சேர்த்துடுங்க. ஒண்ணுன்னா கரண்ட், ரெண்டுன்னா கிரவுண்டு. அர்த்தம் தெரிஞ்சவன்தானே உரிமைக்காரன். ஆங், கீழே கையெழுத்து. தேதி. ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், தங்கச்சிக்கு அனுப்பி வெச்சா இனி வாயைத் திறக்க மாட்டா. போயிடுச்சு.

— சரி, இப்ப உன் கையெழுத்து.

— போட்டுடுறேன். காலுக்கடியில ஒண்ணு இடிக்குது, அதை மட்டும் மேல எடுத்து வெச்சுடுறேன். கனம் ஜாஸ்தி, கொஞ்சம் தள்ளிக்குங்க.

— இது...

— அடையாளம் தெரியுதா? மாப்பிள்ளை கடைசியாப் பிரிச்ச ஆம்ப். மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்க. அந்த இரும்புக் கடைக்காரரு பழைய ஆம்ப் எது வந்தாலும் எனக்குன்னு எடுத்து வைப்பாரு.

— குப்பையைக் கட்டிக்கிட்டு எதுக்கு...

— மூணு வருஷமா வெச்சிருக்கேன், ஒரு வயரைக்கூட அவிழ்க்கல. பாவம், கலர் தெரியாம கரண்ட் வயரைப் பிடிச்சுச் செத்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் எந்தக் காலத்துல முதலாளி கலர் பார்த்தாரு? விரலால தடவி, முடிச்சை எண்ணித்தானே பிடிப்பாரு.

— டாக்டரே, ஷட்டரைத் தூக்கு.

— தூக்குறேன். உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, இந்தச் சிவப்பு வயரைப் பாருங்க. கரண்ட் வர்ற வயர். இதுல எத்தனை முடிச்சு?

— எனக்கு நேரமாச்சு.

— ரெண்டு. தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தமாம். நீங்க சொல்லித்தான் தெரியும்.

— அந்தப் பேப்பரை இங்க குடுய்யா. முடிச்சை எதுக்குய்யா காப்பி அடிச்சே நீ?

— நீங்க தேடி வரணுமே. சத்தத்தை மட்டும் எடுத்திருந்தா வக்கீல் நோட்டீஸோட விட்டிருப்பீங்க.

— இங்க பாரு, அது... அது அன்னிக்கு அவனே மாத்திப் போட்டிருப்பான். அவனேதான் போட்டிருப்பான்!

— அப்படிச் சொல்லாதீங்க முதலாளி. ‘வேறு யாரும் போட்டதில்லை.’ மை இன்னும் காயல.