ஜெட்டிக்கு மட்டும் ஒன்றரை அடி

ஜெஸி: …ரெக்கார்டிங் ஓடுது பெரியப்பா. சும்மா பேசுத மாதிரி சொல்லுங்க.

ஆபிரகாம்: சும்மா பேசுததுக்கு வாக்குமூலம்னு பேரு கிடையாது. கையாலயும் எழுது. 'இடம் செம்பூர், ஆபிரகாம் வீடு. இருந்தவர்கள் மூவர். எண்ணெய்க் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மனாக இருந்து ஓய்வுபெற்ற ஆபிரகாம், வயது எண்பத்தொன்று. அவர் மனைவி சகாயராணி. அவர் தம்பி டென்சிலின் மகள் ஜெஸி, எழுதுபவர்.'

ஜெஸி: பூரா தமிழ்லயா? நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்… இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கிடுதேன்.

ஆபிரகாம்: டென்சில் மவளுக்குத் தமிழ் எழுத வராதுன்னு வக்கீலுக்குத் தெரிய வேண்டாம்.

ஜெஸி: வக்கீல் சஃபீனா மேடத்துக்கும் வராது. ரெண்டு பேரும் ஹிந்தியிலதான் ஓட்டுதோம்.

சகாயராணி: எந்த மொழியிலயும் வேண்டாம்ங்கேன். இந்த வயசுல இவிய எதுக்குடி கோர்ட்டுப் படி ஏறணும்?

ஜெஸி: போன அமாவாசை ஏத்தத்துல கடல் தண்ணி எங்க பஸ்தி குடிசைக்குள்ள முழங்கால் அளவு பெரியம்மா. அம்மாவைக் கட்டில் மேல ஏத்தி உக்கார வச்சேன். மதிலுக்கு அந்தப் பக்கம் கப்பல் கட்டுத மேடை, கம்பெனி ஜெட்டி… அதுல ஒரு சொட்டு ஏறல.

சகாயராணி: அது உசரமாக் கட்டுனதுல்லா.

ஜெஸி: ஏன் உசரம்? அதான் நாங்க கம்பெனி மேல போட்ட கேஸே. கப்பல் வசதிக்குன்னு கம்பெனி வக்கீல் சொல்லுதான். கடல் ஏறும்னு அந்தக் காலத்துல யாருக்கும் தெரியாதாம். வெளிநாட்டுல பழைய பேப்பரெல்லாம் வெளிய வந்துட்டு. எண்ணெய்க் கம்பெனி விஞ்ஞானிங்களே எழுபது, எண்பதுகள்ல கணக்குப் போட்டு வச்சிருக்காங்க. இங்க எங்க கையில இருக்கது இந்த ஒரு டிராயிங்தான். திங்கக்கிழமை ஹியரிங்.

ஆபிரகாம்: காட்டு… துறைமுக ஆபீசுக்குக் கொடுத்த பிரிண்டு. எங்க பிடிச்ச?

ஜெஸி: மனு மேல மனு போட்டு. கீழ 'டிரேஸ் செய்தவர்' கட்டத்துல உங்க இனிஷியல் இருக்கு பாருங்க.

ஆபிரகாம்: என் கைதான். ஒரு எழுத்து ஏறி இறங்கி இருக்கா பாரு.

சகாயராணி: பெருமைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.

ஆபிரகாம்: எழுதும்மா. 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில், ஜெட்டியின் தளத்தை ஒன்றரை அடி உயர்த்தி வரையும்படி ஹெட் ஆபீசிலிருந்து குறிப்பு வந்தது. காரணமும் அதில் இருந்தது. எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் பூமி சூடாகும், ஜெட்டியின் ஆயுளுக்குள் கடல் மட்டம் உயரும். அந்தக் காரணத்தை டிராயிங்கின் ஓரக் குறிப்பில் நானே எழுதினேன்.'

ஜெஸி: மெதுவா… அதே வருஷம் கம்பெனி ஏதோ புத்தகம் போட்டுச்சுன்னு அப்பா சொல்லுவாங்களே.

ஆபிரகாம்: பள்ளிக்கூடத்துக்கெல்லாம் இலவசமாக் கொடுத்தாங்க. பூமி சூடாகுறது இன்னும் நிச்சயமில்ல, பயப்பட ஒண்ணுமில்லன்னு. நம்ம வீட்டுக்கும் நாலு வந்துது.

சகாயராணி: தாள் நல்ல தடிமன். அலமாரிக்கு விரிச்சேன்.

ஜெஸி: ஆனா இந்த பிரிண்ட்ல உங்க குறிப்பைக் காணோமே. வெறும் கட்டம். வெளிச்சத்துல பிடிச்சா மட்டும் மங்கலா என்னமோ…

ஆபிரகாம்: அது மூலத் தாள்ல பிளேடு பட்ட தடம், பிரிண்டுலயும் விழுந்திருக்கு. டிரேசிங் தாள்ல இங்க் காஞ்சுட்டுன்னா ரப்பருக்குப் போகாது. அரை பிளேடால சுரண்டணும். சுரண்டின இடம் சொரசொரன்னு நிக்கும், நகத்தால தேச்சு வழவழப்பாக்கணும். அன்னைக்கு அவசரம், தேய்க்கல.

ஜெஸி: யாரு தேய்க்கல?

சகாயராணி: மாரிக்கண்ணன். ஊருக்கே தெரியுமே. மேனேஜர் அழிக்கச் சொன்னான், இவிய முடியாதுன்னுட்டாவ. கூட வேலை பார்த்த மாரிக்கண்ணன் சுரண்டிக் கொடுத்தான். கோயில்ல யாரையும் கேளு.

ஜெஸி: அப்படித்தான் மேடம் எழுதியிருக்காங்க. மாரிக்கண்ணன் மாமா மவன் ஹரி எங்களுக்கு அடுத்த வீடு. செத்துப்போன உங்க அப்பா பேரைக் கோர்ட்ல போடலாமான்னு நேத்துப் போய்க் கேட்டேன். அவர் செஞ்சத நான் எத்தனை நாள் மூடி வைக்க, பஸ்திக்குள்ள தண்ணி வராம இருந்தாப் போதும்னு சொல்லிச் சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டுட்டான்.

ஆபிரகாம்: கையெழுத்தா…

ஜெஸி: இந்தா இருக்கு.

ஆபிரகாம்: அவன் அப்பனுக்கு எதிரா… அவன் கையாலயே.

சகாயராணி: தங்கமான பையன். விடுங்க. போய்ச் சேர்ந்தவனுக்கு இனி என்ன ஆகப்போவுது? நம்ம வீட்டுப் பேரு…

ஆபிரகாம்: செம்பூர்ல வெள்ளம் வந்த வருஷம், குறிப்பை அழிச்சது யாருன்னு கோயில் வாசல்ல நாலு பேர் கேட்டப்ப நீ இதைச் சொன்ன. நான் பக்கத்துலதான் நின்னேன்.

சகாயராணி: நின்னிய. வாயைத் திறந்தியளா?

ஆபிரகாம்: இல்ல.

ஜெஸி: எதைச் சொன்னாங்க? பெரியம்மா… எதை?

சகாயராணி: அந்த போனை அணைடி.

ஆபிரகாம்: ஓடட்டும். ஹரி தாளை அவன்ட்டயே திருப்பிக் கொடு. நாளைக்குக் காலையில நானும் வாரேன்.

ஜெஸி: அப்ப யாருன்னு எழுத? கோயில்லேர்ந்து பஸ்தி வரைக்கும் எல்லாரும் மாரிக்கண்ணன் மாமாதான்னு…

ஆபிரகாம்: 'மாரிக்கண்ணன் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். மேனேஜர் சொன்னதை நான் மறுக்கவில்லை. சுரண்டியவன் ஆபிரகாம்.'