தொடாத தட்டுகள்

நான் நன்றாகச் சமைப்பேன், ஐயா. அக்காவைக் கேளுங்கள், அவளே சொல்வாள். சோறு குழையாது, பீன்ஸ் நிறம் மாறாது, முட்டையை உரித்தால் ஒரு கீறல் இருக்காது. அப்பாவுக்கு ஏதோ கண்டதை வைத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்பா லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அக்கா வெளியூரில் குடும்பமாகிவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்காத ஓவியங்களை வரைந்துகொண்டு வீட்டோடு கிடந்தவன் நான்தான். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒருமுறை அவருக்குக் காய்ச்சல். வைத்த தட்டைத் தொடவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அது உலர்ந்து கிடந்த விதம் என்னை என்னவோ செய்தது. வார்னிஷ் ஊற்றி இறுக விட்டேன். கலைக்கூடம் நடத்தும் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது சோறு இல்ல தம்பி. இது ஒரு மறுப்பு."

எதைக் காட்டினாலும் அது அது இல்லை என்பதுதான் அவருடைய பாராட்டு. நான் கொடுத்த டீயை மட்டும் டீ என்று ஒப்புக்கொண்டார்.

"ஒரு சுவர் நிறைய வேணும். ஆனா நடிப்பு கூடாது. நிஜமாவே ஒருத்தர் தொடாம விட்ட தட்டா இருக்கணும்."

அதற்குள் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுப் பசி திரும்பிவிட்டது. அதுதான் சிக்கல்.

கட்டிலுக்கு வலப் பக்கம் இருந்த ஸ்டூலை இடப் பக்கம், கை எட்டாத தூரத்தில் போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். வேளாவேளைக்குச் சூடாகச் சமைத்து அதில் வைத்தேன். ஆறியதும் எடுத்துக்கொண்டு போனேன்.

"வண்டி தப்பான பக்கம் நிக்குதுடா. ரிவர்ஸ் எடு," என்றார் அப்பா.

சில நாள் கழித்து, "வார்னிஷ் அடிக்காம ஒரு வாய் குடுடா," என்றார். பிறகு கிண்டல் நின்றுவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தண்ணீர் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். தண்ணீர் என் கலைக்கு ஊடகம் இல்லை.

அக்கா போனில், "அப்பா சாப்பிட்டாராடா?" என்பாள்.

"தட்டு பக்கத்துலதான்க்கா இருக்கு," என்பேன். பொய் சொல்லவில்லை.

ஒரு தட்டை அவருக்கு ஊட்டிவிட்டு இன்னொன்றுக்கு வார்னிஷ் ஊற்றியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியுமே, ஐயா. போலிச் சரக்கை மாட்டிவிட்டு அதன் கீழே என் பேரை எப்படிப் போடுவேன்?

அப்பா போனதும் டாக்டர், "வயசாச்சு இல்லையா," என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். கேக்கும் கையுமாக நின்று எல்லோரும் பசியைப் பற்றிப் பேசினார்கள். அக்காவும் வந்திருந்தாள். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக நடந்தாள்.

"இதெல்லாம் நம்ம வீட்டுத் தட்டு. அப்பாவோட தட்டு," என்றாள். "அப்போ அவரு எதுலடா சாப்பிட்டாரு?"

கலைக்கூடத்து அம்மாள், "அருமையான கேள்வி," என்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது. அக்கா மட்டும் போனை எடுத்து உங்களைக் கூப்பிட்டாள்.

இவ்வளவு சொன்னபின் மிச்சத்தை மறைப்பானேன். அப்பா போன அன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது அவர் எப்படியோ புரண்டு கட்டிலின் விளிம்புக்கு வந்திருந்தார். வலக் கை ஸ்டூலை எட்டியிருந்தது. சோற்றில் நான்கு விரலும் பதிந்திருந்தன. வாய்வரை போகவில்லை. கையை எடுத்து, துடைத்து, அவர் மார்மேல் வைத்தேன். கரண்டியின் முதுகால் சோற்றைச் சமப்படுத்தினேன். பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன்.

சுவரில் கடைசியாக இருப்பது அந்தத் தட்டுதான். தொடாதது என்று எழுதி மாட்டியிருக்கிறேன். அது பொய். எழுதிக்கொள்ளுங்கள், ஐயா, நான் செய்த குற்றம் அது ஒன்றுதான்.