தட்டினால் விட வேண்டும்

பஞ்சுமூட்டையே! என் பஞ்சுமூட்டையே! பஸ் ஓட்டிப் பருத்த உடம்பைப் பன்னிரண்டு வருடம் இந்தப் பாயில் சத்தமில்லாமல் விழப் பழக்கியவரே! முதலில் உங்களைக் கூப்பிட்டால்தான் மற்றவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வருகிறது.

நடுநாற்காலியில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! என் முதுகை இந்தப் பாய்க்கு அறிமுகம் செய்துவைத்த மாஸ்டர் அவர்களே! முழங்காலில் தைலம் மணக்க முன்வரிசை பிடித்திருக்கும் மூத்தோரே! வெள்ளை உடை துவைத்துத் துவைத்து விரல் வெளுத்த தாய்மாரே! வலது கையில் கட்டோடு மூன்றாவது வரிசையில் இருக்கும் என் தோழி டைப்பிஸ்ட் அம்மா அவர்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

அந்தக் கட்டு என்னால் வந்தது. போன வாரப் பயிற்சியில் அவர் கையை மடக்கிப் பிடித்தேன். தட்டினார். நான் விடவில்லை. மறுபடி தட்டினார். "அக்கா, தட்டுறேன்ல! விடுங்க!" என்று அலறிய பிறகுதான் விட்டேன். மாஸ்டர் திட்டவில்லை. "இனிமே பாய்க்கு வர்றதா வேணாமான்னு நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றார். அதைச் சொல்லத்தான் இந்த ஆண்டுவிழா மேடையில் ஏறியிருக்கிறேன்.

விருந்தாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஜூடோவில் பிடி தாங்கவில்லை என்றால், பிடித்தவர் மேல் இரண்டு தட்டு தட்டுவோம். தட்டினால் விட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லக் கூடாது. அடம் கூடாது, ஆத்திரம் கூடாது, அரை நொடித் தாமதமும் கூடாது!

நான் இந்தக் கூடத்தைப் பெருக்க வந்தவள். துடைப்பத்தோடு ஏறினேன். "அக்கா, பாய் மேல செருப்போட ஏறாதீங்க" என்றார் மாஸ்டர். "அப்போ பறந்துகிட்டா பெருக்குறது?" என்றேன். செருப்பைக் கழற்றி ஏறினேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏறியவள், அப்புறம் இறங்கவே இல்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர், இந்தப் பஞ்சுமூட்டை, என்னைக் கூட்டிப்போக வந்தார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் என்னைத் தூக்கிப் போட்டார். "அடப்பாவி! என் பொண்டாட்டியைப் போட்டுட்டியேடா!" என்று ஷூவோடு பாயில் பாய்ந்தார் இவர். நான் படுத்தபடியே, "ஏங்க, முதல்ல ஷூவைக் கழட்டுங்க. அடுத்து நான் மாஸ்டரைப் போடணும்" என்றேன். சிரியுங்கள், சிரியுங்கள்! அன்றைக்கு இவரும் அப்படித்தான் சிரித்தார். அடுத்த வாரமே வெள்ளை உடை வாங்கினார். பெல்ட் வயிற்றைச் சுற்றி வந்து முடிச்சுப் போட ஒரு சாண் குறைந்தது!

அன்று முதல் எனக்கு ஜோடி அவர், அவருக்கு ஜோடி நான். இங்கே கற்ற தட்டு வீட்டுக்கும் வந்தது. சண்டை முற்றினால் மேசையில் இரண்டு தட்டு. அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் அம்மாவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் முதல் வரியிலேயே தட்டிவிடுவார்! "கள்ளாட்டம் ஆடாதீங்க, நான் இன்னும் பிடிக்கவே இல்ல" என்பேன். ஆனாலும் நிறுத்திவிடுவேன். "அக்கா கை மாதிரி சட்டுனு விடுற கை இந்தக் கிளப்லயே கிடையாது" என்று மாஸ்டர் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார்! கேட்டுக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமை!

அந்தக் கைதான் என்னைக் கெடுத்தது, ஐயா.

ஆறு மாதம் முன்பு, ஆஸ்பத்திரி. பார்வையாளர் நேரம். வெளியே நல்ல வெயில். இவர் வாயில் குழாய், பேச முடியாது. இவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் புறங்கையில் இரண்டு தட்டு தட்டினார்.

நான் விட்டுவிட்டேன்.

யோசித்து விடவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம், கை தானாகத் திறந்துகொண்டது. வலிக்கிறது போலிருக்கிறது என்று ஓரடி பின்னால் நகர்ந்தேன். "நேரமாச்சும்மா, வெளிய இருங்க" என்றாள் நர்ஸ். சரி என்று வெளியே போய் உட்கார்ந்தேன். அவள் திரும்ப என்னைக் கூப்பிட வந்தபோது நடந்துவரவில்லை, ஓடிவந்தாள். உள்ளே போனேன். அந்தக் கை போர்வை மேல் விரிந்து கிடந்தது. தனியாகக் கிடந்தது.

என் மகள் சொன்னாள்: "அப்பா போதும்னு சொல்லியிருக்காரும்மா. சின்ன வயசுல என்னையும் அப்படித்தானே தட்டித் தூங்க வைப்பாரு, அதுவாவும் இருக்கும்." ஒரே மூச்சில் இரண்டு அர்த்தம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்!

கதவைத் தட்டினால் திற என்று அர்த்தம். தோளைத் தட்டினால் துணிந்து போ என்று அர்த்தம். தொட்டிலைத் தட்டினால் தூங்கு என்று அர்த்தம். பாயில் தட்டினால் மட்டும்தானே விடு என்று அர்த்தம்? கட்டிலைப் பாய் என்று நினைத்த கிறுக்கி இந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு எவள் இருக்கிறாள்?

டைப்பிஸ்ட் அம்மா, போன வாரம் நீங்கள் தட்டியது எனக்குக் கேட்டது. கேட்டும் விடவில்லை. இந்த முறையாவது அவசரப்பட்டு விடாதே என்று என் கை முரண்டு பிடித்தது. மன்னித்துவிடுங்கள், தாயே. என்ன சொல்கிறீர்கள்? "போங்கக்கா, கட்டைப் பிரிச்சதும் உங்களைத் தூக்கிப் போடுறேன்" என்கிறீர்களா? வந்து போடுங்கள்!

மாஸ்டர், இதுதான் என் பதில்: பாய்க்கு வருவேன். யார் வேண்டுமானாலும் என்னைத் தூக்கிப் போடலாம், விழுவேன். ஆனால் யாரையும் பிடிக்க மாட்டேன், இந்தக் கை எனக்குத் திரும்பக் கட்டுப்படும்வரை.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாயில் தட்டினால் விடுங்கள், கேட்காதீர்கள். பாயை விட்டு இறங்கினால் கேளுங்கள்! பிடித்த கையைப் பிடித்தபடியே கேளுங்கள்! எதற்குத் தட்டினாய் என்று வாய்விட்டுக் கேளுங்கள்! பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்!

பெருக்க வந்தவளைப் பேச வைத்த கிளப்புக்கு நன்றி. இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் காதுகளுக்கும் நன்றி, வணக்கம். மைக்கை அணைத்துவிடாதீர்கள் தம்பி, அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன்.

ஏங்க, அன்னைக்கு என்னை விடச் சொல்லித் தட்டினீங்களா, விடாதேன்னு தட்டினீங்களா?