இலங்கை கேப்டனுக்கு நான் தந்த சான்றிதழ்

ரக்பியில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர் என்பதே அந்த வாரம் வரை எனக்குத் தெரியாது, இன்ஸ்பெக்டர். தெரிந்துகொள்ள அவசியமும் இருக்கவில்லை. உருண்டையாகக்கூட இல்லாத ஒரு பந்துக்காக வளர்ந்த ஆண்கள் சேற்றில் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். வெள்ளைக்காரன் கப்பலேறியபோது மறந்து விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் இலங்கைத் தேசிய அணி பெங்களூருக்கு வந்தது. தேசிய அணி என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தீவில் ரக்பி ஆடத் தெரிந்த அத்தனை பேரையும் ஒரு டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். கன்டோன்மென்டில் எங்கள் கிளப்புடன் இரண்டு ஆட்டம், புதனும் சனியும். கிளப்பின் டாக்டர் என்ற முறையில் அவர்களையும் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. என் தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் சர்ஜனாக இருந்தவர். நான் ஆட்டக்காரர்களின் முழங்காலுக்கு அயோடின் தடவினேன்.

கேப்டன் பெயர் அலெக்சாண்டர். யாழ்ப்பாணத்துக்காரன், இருபத்தெட்டு வயது. திங்கட்கிழமை வரவேற்பில் அவனை உபசரிக்கப் போனேன்.

"ஸ்வல்ப இருங்கோ, ஊட்டா ரெடியாறது" என்றேன். கொஞ்சம் பொறுங்கள், சாப்பாடு தயாராகிறது என்பதைத்தான் எங்கள் வீட்டுக் கன்னடம் கலந்த தமிழில் சொன்னேன்.

அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "டாக்டர், நீங்கள் கதைக்கிறது தமிழோ? எனக்கு அரைவாசியும் விளங்கேல்லை."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் என் தோளைத் தட்டிவிட்டு, என் தட்டில் ஒரு வடையை எடுத்து வைத்தான். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டு எதையாவது கற்பனை செய்துகொள்ளக் கூடாதே என்றுதான் இதைச் சொல்கிறேன். நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. பந்து பொறுக்குகிற ஒருவன் என் தமிழைப் பற்றிச் சொன்னதையா மனதில் வைத்துக்கொள்வேன்?

புதன்கிழமை ஆட்டத்தில் யாருடைய முழங்காலோ அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. அரை நிமிடம் நினைவில்லாமல் கிடந்தான். பிறகு எழுந்து ஆடினான், ஜெயித்தும் விட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அணியின் மேனேஜர் ரெமிஜியஸ் அவனை என் கிளினிக்குக் கூட்டி வந்தார்.

"தலை இன்னும் இடிக்குது, டாக்டர். விடிய ரெண்டு தரம் சத்தி எடுத்தனான்" என்றான்.

வாந்தியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு முழுவதும் விளங்கியது.

ரெமிஜியஸ் நேராகவே கேட்டார். "நீங்கள் வேண்டாமெண்டால் பதினாலு பேரோட இறங்குவம். மாத்து ஆள் விட இந்த ஆட்டத்தில சட்டமில்லை. உங்கட சொல்லுத்தான் முடிவு."

நர்ஸ் எல்லம்மா டார்ச்சைப் பிடித்தாள். வலது கண்ணின் கருமணி இடதைவிடப் பெரிதாக இருந்தது. வெளிச்சத்துக்குச் சுருங்க நேரம் எடுத்தது. மண்டைக்குள் ரத்தம் கசிகிறது. மருத்துவக் கல்லூரி மாணவனுக்குத் தெரியும். தொம்மலூர்க் கிராமத்திலிருந்து நடந்து வரும் எல்லம்மாவுக்கே தெரிந்தது.

"சார், ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லையே" என்றாள்.

"டார்ச்சை ஒழுங்கா பிடி" என்றேன்.

பிறகு அலெக்சாண்டரிடம், "இந்த ஊர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ஒன்றுமில்லை. நாளை நீங்கள் ஆடலாம்" என்றேன். நிதானமாக, ஒரு கன்னடச் சொல்கூடக் கலக்காமல் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். தகுதிச் சான்றிதழில் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கிப் பதினோராவது நிமிடம். பெரிய மோதல்கூட இல்லை. தோளோடு தோள் இடித்தது, அவ்வளவுதான். விழுந்தவன் எழவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். ஓடி ஆகப்போவது ஒன்றுமில்லை. மற்ற பதினாலு பேரும் சேறு அப்பிய கால்களோடு சுற்றி நின்று அழுதார்கள். தேசிய அணியாம்.

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி பவுலின் கடிதம் எழுதினாள். முந்தின வருடம் கண்டியில் ஆடும்போது அவன் விழுந்து தலையில் அடிபட்டதாம். அணியில் இடம் போய்விடுமே என்று இருவரும் அதை மறைத்துவிட்டார்களாம். அதுதான் காரணமா என்று கேட்டிருந்தாள். இருக்கலாம் என்று பதில் எழுதினேன்.

போன திங்கட்கிழமை அவளே தனுஷ்கோடி வழியாக ரயிலேறி வந்துவிட்டாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"பழுதான ஆளை உங்களிட்ட அனுப்பிப்போட்டன், டாக்டர். நான் அப்பவே வாய் திறந்திருந்தால் அவர் இருந்திருப்பார். உங்களுக்கும் வீண் மனவருத்தம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

எல்லம்மா அப்போது கதவருகே நின்றிருந்தாள். அன்றைக்கே உங்களிடம் வந்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் சொன்னதில் பொய் இல்லை. கண்ணைப் பார்த்தேன். செத்துவிடுவான் என்று தெரிந்தது. தெரிந்தேதான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் பவுலினிடம் நான் இரக்கமில்லாமல் நடந்துகொண்டதாக எல்லம்மா சொல்லியிருந்தால், அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அவள் அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்தேன். பிறகு அவளை மன்னித்தேன்.