சனிக்கோள் மனிதன் மூழ்கும் காட்சி

பேயாக நடிப்பவனுக்கு முழங்கால் வலி வரவே கூடாது, ஐயா. ராஜா வேஷக்காரர் சிம்மாசனத்தில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிடலாம். அப்பா வேஷம் போடுகிறவருக்கு ஈசிச்சேர் உண்டு. பேய்தான் மாடிப்படி இறங்க வேண்டும், கிணற்றிலிருந்து ஏற வேண்டும், புளியமரத்திலிருந்து குதிக்க வேண்டும். அதுவும் சத்தமில்லாமல். எனக்கோ காலை மடக்கினாலே அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும். அப்படித்தான் குப்பன் என்னிடம் வந்து சேர்ந்தான்.

எழுதிக்கொள்கிறீர்களா? நல்லது, நிதானமாகவே சொல்கிறேன். பெயர் சுயம்புலிங்கம். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். தியாகராய நகரில் மாமா வைத்திருந்த ஜவுளிக்கடையில் பேல் கட்டவும் பிரிக்கவும் வந்தவன். ஆறடிக்கு மேல் உயரம், ஒட்டிய கன்னம், உள்ளே போன கண். ஒருநாள் மேஜைக்குப் பின்னால் குனிந்து துணி எடுத்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தேன். எதிரே புடவை பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் வீலென்று கத்திவிட்டார்கள். மாமா என்னைக் கிடங்குக்கு மாற்றினார். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் ஒரு சினிமாக் கம்பெனியில் மானேஜர். அவர் என்னை அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு மாற்றினார்.

அதற்குப் பிறகு நான் மனிதனாக நடித்த படங்கள் குறைவு. மந்திரவாதி, எலும்புக்கூடு, சுடுகாட்டுக் காவல்காரன், மூளையை மாற்றி வைக்கிற டாக்டர். ஒரு படத்தில் கண்ணுக்குத் தெரியாத மனிதன். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, "ஏல, நீ எதுலதான் வந்தே?" என்று கேட்டார்கள். பனகல் பார்க்கில் நான் நடந்தால் பிள்ளைகள் "பேய் மாமா, பேய் மாமா" என்று பின்னாலேயே வரும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ குழந்தைகள் என் பெயரைச் சொல்லித்தான் சோறு தின்றிருக்கின்றன. நான் சந்தோஷமான ஆள், ஐயா. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பயப்படாதவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரி முத்துலட்சுமி. நான் முழு வேஷத்தோடு வாசலில் வந்து நின்றால், "பேய்க்கு எத்தனை இட்லி?" என்பாள். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரி அலறும்போது இவள் முறுக்கு கடிப்பாள். அதில் எனக்கு ஒரு சின்னக் குறை உண்டு. சின்னதுதான்.

குப்பனுக்கு வருவோம். சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் கடலோரக் குப்பம். படகு தள்ளுகிற ஒரு காட்சிக்கு வந்தவன், என் உயரமே இருந்ததால் நின்றுவிட்டான். நான் முகம் காட்டுவேன். அவன் விழுவான், குதிப்பான், தீயில் ஓடுவான். தங்கமான ஆள். பெண்சாதி தேசம்மா கூடையில் மீன் விற்கிறவள். அவன் வீட்டுக்கு வந்தால் வெறும் கையோடு வரமாட்டான். "அண்ணாத்தே, நெத்திலி கொண்டாந்துகீறேன், அண்ணியை வறுக்கச் சொல்லு" என்று அடுக்களை வரைக்கும் குரல் கொடுப்பான். முத்துலட்சுமி மூக்கைப் பிடித்துக்கொண்டே வறுப்பாள், சிரித்துக்கொண்டே.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு படம் வந்தது. அதில் ஜமீன் பங்களாவில் பேய் படியிறங்குகிறது. முதுகுதான் தெரியும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று, எதையோ மோப்பம் பிடிப்பதுபோல் தலையைச் சாய்த்து இறங்கும். ராயப்பேட்டையில் மேட்னி போனோம். பாதிப் படி இறங்குவதற்குள் முத்துலட்சுமி என் கையைப் பிடித்துவிட்டாள். நகம் பதிந்துவிட்டது. வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறியும் விடவில்லை.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தாங்க நீங்க நிசமா பயங்காட்டுனீங்க" என்றாள்.

படியிறங்கியது குப்பன். எனக்கு அன்று முழங்காலுக்குத் தவிட்டு ஒத்தடம். அவளிடம் சொல்லவில்லை. ஒரு மனுஷி சந்தோஷமாக இருக்கட்டுமே.

நான் கோபப்பட்டேனா என்றால், இல்லை. அடுத்த நாள் குப்பனுக்கு ஒரு ஜோடி வேட்டி எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம்தான் சனிக்கோள் படம் ஆரம்பித்தது. டைரக்டர் நல்லசிவம் இருக்கிறாரே, அடையாற்றில் சினிமாப் படிப்பு படித்துவிட்டு வந்த இளைஞர். கண்ணாடிக்குள்ளிருந்து ஆகாசத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சனிக் கிரகத்திலிருந்து ஒருவன் வந்து இறங்குகிறான், விஞ்ஞானிகள் விரட்டுகிறார்கள், கடைசியில் ஏரியில் மூழ்கிச் சாகிறான் என்று கதை. பச்சை ரப்பரும் ஸ்பாஞ்சும் ஒட்டி ஒரு உடுப்பு செய்தார்கள். தலையும் அதோடு சேர்ந்தது. முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும், பூட்ஸுக்குக் கட்டுகிற மாதிரி கயிறு கோத்துக் கட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவனால் அதைக் கட்டிக்கொள்ளவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது.

பாதிப் படம் முடிந்ததும் நல்லசிவம் எடுத்தவரைக்கும் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க நடக்கும்போது ஒரு நடிகர் நடக்கிற மாதிரி இருக்கு. குப்பன் நடக்கும்போது அது நடக்கிற மாதிரி இருக்கு. மிச்சம் எல்லாத்தையும் அவரே பண்ணட்டுமே. முகம்தான் தெரியப்போறது இல்லையே. டைட்டில்ல உங்க பேர்தான்."

ரொம்ப நியாயமான பேச்சு. "அதுக்கென்ன தம்பி, படம் நல்லா வரணும்" என்றேன். மனதாரச் சொன்னேன்.

கடைசிக் காட்சியை வேளச்சேரி ஏரியில் எடுத்தார்கள். அடிபட்ட சனிக்கோள் மனிதன் ஏரிக்குள் ஓடி, கைகால் அடித்து மூழ்க வேண்டும். மூழ்கினதும் குப்பன் தண்ணீருக்கு அடியிலேயே கயிற்றை அவிழ்த்து உடுப்பை விட்டுவிட்டு, கோரைக்குப் பின்னால் காமிரா கண்ணில் படாமல் எழுந்துகொள்ள வேண்டும். ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்தால் அம்மிக்கல் கனம் கனக்கும். அதோடு நீந்த யாராலும் முடியாது. அதனால் உடுப்பு மாட்டுகிற கபாலி ஒரு ஏற்பாடு செய்திருந்தான். உருவு முடிச்சாகப் போட்டு, நுனியை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து குப்பன் கையில் கொடுத்துவிடுவான். ஒரு இழுப்பு, அத்தனையும் விட்டுவிடும். முதல் நாள் ஒரு பங்களாத் தொட்டியில் செய்து பார்த்தார்கள். குப்பன் வாழைப்பழம் உரிகிற மாதிரி வெளியே வந்தான். எல்லோரும் சிரித்தோம்.

நல்ல வெயில் நாள். மதியச் சாப்பாடு முடிந்து கபாலி குப்பனுக்கு உடுப்பைக் கட்டிவிட்டான். நான் கிட்டப் போனேன். "தோள் பக்கம் தளர்ந்திருக்கே, தண்ணி உள்ளே போயிடுமே. நீ போய் வெத்திலை போடுப்பா, நான் இறுக்கிவிடுறேன்" என்றேன். அவனுக்கு என் மேல் மரியாதை. போய்விட்டான்.

பேல் முடிச்சு என்று ஒன்று இருக்கிறது, ஐயா. ஜவுளிக்கடையில் வெளியூர் போகிற மூட்டைக்குப் போடுவது. இழுக்க இழுக்க இறுகும். நனைந்தால் இன்னும் இறுகும். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அறுத்துத்தான் எடுப்பார்கள். அதைப் போட்டேன். நுனியை வழக்கம்போல இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தேன். இத்தனை வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை பாருங்கள்.

ரப்பர்த் தலைக்குள்ளிருந்து குரல் வந்தது. "சரியா கீதா, அண்ணாத்தே?"

"சரியா இருக்குப்பா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் யார்? முதலில் ஆர்ப்பாட்டமாக அடிப்பான். அது சொல்லிக் கொடுத்தது. அப்புறம் ஒரு கணம் எல்லாம் நிற்கும். வலது கை இடுப்புக்குப் போகும். இழுக்கும். மறுபடி இழுக்கும். பிறகு இரண்டு கையும் முதுகுக்குப் போக முயற்சி செய்யும், எட்டாது. அப்போது தலை திரும்பும். கரையைப் பார்த்து. அந்த ஒரு திருப்பல்! அதில் கேள்வி இருக்கிறது, நம்பாமை இருக்கிறது. ரப்பர் முகம் வழியாகத் தெரிகிறது, ஐயா. கடைசியில் விரல்கள் மட்டும்.

கரையில் எல்லோரும் கை தட்டினார்கள். நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வருவான் வருவான் என்று நின்றார்கள். கடலோரத்து ஆள் ஏரியில் மூழ்குவான் என்று யார் நினைப்பார்கள்?

வெளியே எடுத்ததும் கபாலி பதறிப்போய் முதுகை மேலிருந்து கீழ்வரை கத்திரிக்கோலால் கிழித்தான். முடிச்சும் துண்டு துண்டாகப் போய்விட்டது. ஏரிக்கொடி காலில் சுற்றிக்கொண்டது என்று முடிவானது. ஷூட்டிங் முடிந்து குளிக்க இறங்கினபோது நடந்தது என்றே வெளியே சொல்லச் சொன்னார்கள் கம்பெனியில், நானும் வீட்டில் அப்படியே சொன்னேன். ஒரு குறையும் இல்லாமல் காரியம் செய்தோம். செலவு என்னுடையது. கபாலிதான் பாவம், தொழிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, ஒரு துண்டுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, "இழுத்துப் பாருங்க சார், வருதா? வருதில்ல?" என்று காட்டிக்கொண்டிருக்கிறான். நானே ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அவனிடம் சொன்னேன்.

படம் ஓடியது. எப்படி ஓடியது! நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அந்தக் காட்சி வரும்போது அரங்கமே மூச்சு விடாது. தாய்மார்கள் பிள்ளைகள் கண்ணைப் பொத்துவார்கள். வெளியே வந்தால் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "சார், அந்தச் சாவு, எப்படி சார் பண்ணீங்க?" முத்துலட்சுமி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ராத்திரி விளக்கை அணைக்கவிடவில்லை. என்னைப் பார்த்து, ஐயா. என்னைப் பார்த்துப் பயந்தாள்.

எல்லாம் நூறாவது நாள் விழா வரைக்கும். நல்லசிவம் மைக்கைப் பிடித்தார். மனசாட்சி உறுத்துகிறது என்று ஆரம்பித்து, பாதிப் படத்துக்கு மேல் நடித்தது குப்பன் என்றும், கடைசிக் காட்சி அவனுடையது என்றும், தமிழ்நாடு பார்த்த மிகப் பெரிய நடிப்பு அதுதான் என்றும் சொல்லிவிட்டார். தேசம்மாவை மேடைக்கு அழைத்து வெள்ளிக் கேடயம் கொடுத்தார்கள். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் எழுந்துதான் தட்டினேன்.

மறுநாள் தேசம்மா கேடயத்தைப் புடவையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணாத்தே, கடைசியா அவரு பக்கத்துல இருந்தது நீதானாமே. இன்னா சொன்னாரு? எதுனா சொன்னாரா?"

"சரியா கீதான்னு கேட்டான்மா."

"நீ இன்னா சொன்னே?"

"சரியா இருக்குன்னேன்."

அவள் நிம்மதியாக அழுதாள். முத்துலட்சுமி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தவள், கேடயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப அது நீங்க இல்லையா?" என்றாள். பழைய பார்வை. முறுக்கு கடிக்கிற பார்வை. எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

விஷயம் மிகச் சுலபம், ஐயா. சாவதுபோல் ஒருவன் செய்தால் நடிப்பு. செத்தால் அது செத்துப்போனது. குப்பன் அந்தக் காட்சியில் நடிக்கவே இல்லை. அவனுக்கு அப்போது காமிரா ஞாபகமே கிடையாது. அப்படியானால் அந்தக் கை முதுகுக்குப் போனதே, தலை திரும்பியதே, அதையெல்லாம் உண்டாக்கியது யார்? அவன் கையில் நுனியை வைத்தவன் யார்? இதைத்தான் யாரும் யோசிக்கமாட்டேன் என்கிறார்கள்.

கொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. தண்ணீருக்குப் பயப்படாத ஆள் அந்த ஒரு ஷாட்டில் நிஜமாகப் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். அறுத்துவிடுவதற்கென்றே சட்டைப் பையில் பேனாக்கத்தி வைத்திருந்தேன். காமிராவில் விழாமல் கோரை மறைவில், இடுப்பளவு தண்ணீரில், எல்லோருக்கும் முன்னால் நின்றதும் நான்தான். நாலு எட்டில் போய்விடுகிற தூரம். அவன் தலையைத் திருப்பியது என்னைப் பார்த்துத்தான். ஆனால் டைரக்டர் "கட்" சொல்லவில்லையே, ஐயா. நடுவில் நான் புகுந்தால் ஷாட் கெட்டுப்போயிருக்கும். முப்பது வருஷத் தொழில், அது தெரியாதா எனக்கு? கத்தியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். விரல்கள் உள்ளே போகும் வரைக்கும் நின்றேன்.

முடிச்சுப் போட்டது நான், கத்தி இருந்தும் அறுக்காமல் நின்றதும் நான். குப்பனைக் கொன்றது சுயம்புலிங்கம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள், பேப்பர்க்காரர்களிடமும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் மட்டும் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குணம் எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது.