படல் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் கோடு

— அது மேல காலை வெக்காதீங்க சம்சாத் அக்கா, கயிறு நவுந்துடும். காத்தாலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு அளந்து வெச்சிருக்கேன்.

— கயித்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு. இங்க இருந்த படலு எங்க மாலிக்கு? எங்கொல்லையிலேர்ந்து ஒங்கொல்லைக்கு வர்ற படலு.

— கழட்டி வெறகோட போட்டாச்சு. அந்த எடத்துல பூவேலி வருது. இந்தாங்க, பிளானு பாருங்க.

— ஜவுளிக் கடை பில்லு பின்னால கிறுக்கினதுக்குப் பேரு பிளானா? நடுவுல இது இன்னா, கோழி முட்டை?

— ரோசாப் பாத்தி. இந்தாண்ட பச்சை குரோட்டன்ஸு, அதுக்கு அடுத்து மஞ்ச, அதுக்கு அடுத்து செவப்பு. செங்கல்பட்டுல ஒரு டாக்டரு பங்களாவுல பாத்தேன்.

— சேலைக்குக் கரை எடுக்கற மாதிரி எடுத்திருக்கே. கஜக்கோலை வெச்சு அளந்தா செடி ஒன் பேச்சைக் கேட்டு வளருமா? நான் எதுக்குச் சொல்றேன்னா, போன மாசம் கொத்தமல்லி போட்டியே, இன்னாச்சு?

— மொளைக்கல.

— எப்படி மொளைக்கும்? ரெண்டா ஒடைக்காம முழு வெதையை மண்ணு மேல தூவிட்டு, பத்தி ஏத்தாத கொறையா பாத்துகினு நின்னே. என் கோழிங்க ரெண்டு நாளு நாஸ்தா பண்ணுச்சு.

— அதுக்குத்தான் வேலி.

— கோழிக்கு வேலியா, எனக்கு வேலியா? முட்டை, கோடு எல்லாம் கறுப்பு மையில போட்டிருக்கே. படலு இருந்த எடத்துல மட்டும் இன்னாத்துக்குச் செவப்புப் பென்சிலு? இம்மாம் அழுத்தி, காயிதமே கிழியற மாதிரி.

— அதான் வேலி. காகிதப் பூவு. நாலு கஜத்துக்கு நாலு செடி, ஏரி மண்ணு ஒரு வண்டி. சிமிட்டிக்கு பர்மிட்டு கெடைச்சிருந்தா செவுரே வந்திருக்கும். பூவேலியாப் போச்சேன்னு சந்தோசப்படுங்க.

— சந்தோசந்தான். இந்தத் தெருவுல ஆறு வூட்டுக்கும் கொல்லையில படலு கீது. எதுக்கு வெச்சாங்க? பொம்பளைங்க துப்பட்டி போத்திகினு தெருவுல எறங்காம ஒரு வூட்டுலேர்ந்து இன்னொரு வூட்டுக்குப் போய் வரத்தான். ஒன் மூத்தவன் பொறக்கறப்போ மருத்துவச்சியை எந்த வழியா இட்டாந்தேன்? ஒங்கம்மா மவுத்தானப்போ மூணு நாளு கஞ்சி எந்த வழியா வந்துது?

— நான் இல்லேன்னு சொல்லலியே.

— இல்லேன்னு சொல்ல மாட்டே, அடைக்க மட்டும் அடைப்பே. ஒன் வூடு நடு வூடு. இத்த அடைச்சா அந்தாண்ட வூடுங்களுக்கு நான் எப்படிப் போறது? ஒரு பிடி உப்புக்கு பஜார் ரோட்டைச் சுத்தினு வரணுமா?

— உப்புக்காகவா போறீங்க?

— வேற எதுக்குப் போறேன்?

— ஒண்ணியும் இல்ல. கடை தொறக்கணும். வுடுங்க.

— முழுங்காதே மாலிக்கு. மனசுல இருக்கறதைக் கக்கு. நான் எதுக்குச் சொல்றேன்னா, சுராயா வாயில்லாப் பூச்சி. நான் வந்து நாலு வார்த்தை பேசலேன்னா அவளுக்கு ஆரு தொணை? கட்டினவளை ஜெயில்ல வெக்கறதுக்கு ரோசா ஒரு சாக்கு. போன நோன்புல ஒன் மச்சினிச்சி ஷாஜாதி கெணத்தாண்ட மயங்கி வுழுந்தாளே, நீ எங்க இருந்தே? கடையில துணி கிழிச்சுகினு இருந்தே. இந்தப் படலு வழியா வந்த நான்தான் தூக்கி ஒக்கார வெச்சு மூஞ்சில தண்ணி அடிச்சேன்.

— நெசந்தான். வேற ஒருத்தரும் பாக்கல.

— அத்தச் சொல்லு.

— ஒருத்தரும் பாக்கலேன்னா, அவளுக்குப் பேசி வெச்சிருந்த சிங்கப்பெருமாள் கோயில் மாப்பிள்ளை வூட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— இதுல இன்னா ரகசியம்? மாப்பிள்ளையோட சின்னம்மா கடைசி வூட்டுக்கு வந்திருந்தாங்க. பொண்ணுக்கு அடிக்கடி மயக்கம் வருது, பதமாப் பாத்துக்கங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

— அடிக்கடியா?

— ஒரு தபா வந்தது மறு தபா வராதா?

— வெயில்ல, வெறும் வயித்துல, ஒரே ஒரு தபா வந்துச்சு அக்கா. அடுத்த வெள்ளிக்கெழமை சம்பந்தம் வேணாம்னு காயிதம் வந்துச்சு. மூணு மாசமா அந்தப் பொண்ணு உள் ரூமை வுட்டு வரல.

— அது அவ நசீபு. அந்தக் கோவத்தை என் வழி மேல காட்டறியா? பொம்பளைங்க வழக்கத்துல ஆம்பளை கை வெச்சு நான் பாத்ததே இல்ல. ஏ சுராயா, கதவாண்டயே நின்னுகினு இன்னா பாக்கறே? வெளிய வா. வந்து ஒன் புருசனுக்கு ஒறைக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு.

— காகிதப் பூவு வேணாங்க.

— கேட்டுக்கோ மாலிக்கு. அவ வாயாலயே சொல்லிட்டா. சொல்லு கண்ணு, பயப்படாதே, நான் கீறேன்.

— சுராயா, நீ உள்ள போ. நான்தான் பேசிகினு இருக்கேன் இல்ல.

— காகிதப் பூவு கோடையில எலை உதுந்து சந்து வுடும். சந்துல ஆளு நொழையும். கொடுக்காப்புளி வெதை ஊற வெச்சிருக்கேன், நல்ல முள்ளுச் சாதி. ரெண்டு வரிசை, வெரல் எடம் வுடாம.

— இன்னாடி சொல்றே நீ?

— முள்ளு வெச்சா அக்கா மனசு நோவும், பூவாவது இருக்கட்டும்னு கெஞ்சினது அவரு. படலை ஒடைச்சதும் செவப்புக் கோடு போட்டதும் நானு.