காப்பு கட்டியவனின் பினா கொலாடா

"தேங்காப்பாலுல ரம்மை ஊத்துனா மாரியாத்தா கோவிச்சுக்கிடுவாளாட்டி?"

மணியாச்சியிலிருந்து கோவில்பட்டிக்கு வரும் ரயிலில், எதிரே இருந்தவன் தன் பெண்சாதியிடம் கேட்டான். கப்பலில் மது கலந்து கொடுக்கிறவனாம். கையில் தீச்சட்டி எடுக்கக் கட்டிய மஞ்சள் காப்பு. அதை அவிழ்க்கும்வரை மதுவைத் தொடக்கூடாது.

"ஊத்துனா என்ன? நீங்க குடிக்கவா போறீங்க?"

"நாக்குல வைக்காம எப்படிச் செய்ய? ரிசார்ட்டுல தீவு மாதிரி ஜோடிச்சு விருந்து வைக்காவ. மை தாய், பினா கொலாடான்னு ரெண்டு ரம் கலவையும் என் பொறுப்பு. முதலாளிக்குப் பிடிச்சாத்தான் இங்கன வேலை. இல்லைன்னா திரும்பக் கப்பல்தான்."

"அது தெரிஞ்சும் காப்பு கட்டுனீங்களே?"

"இந்த வேலை கிடைக்கணும்னுதானட்டி கட்டுனேன்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு மடியில் தூங்கிய பிள்ளையைப் பார்த்தாள்.

"நீங்க கப்பல்லயே கெடக்கவும், இவன் உங்களை மாமாங்கான். நான் ருசி பார்த்துச் சொல்லுதேன்."

"நீயா? அந்த வாடைக்கே குமட்டுவ."

"குமட்டட்டும். புளிப்புக் கூடவா, இனிப்புக் குறைவான்னு எனக்குத் தெரியாதா? தப்புன்னா அது என்னைச் சேரட்டும். நீங்க ஊரோட இருங்க."

அவன் பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான்.

குடித்தவன் நிழலில்கூட நிற்காதவள் நான். அந்தப் பெண்ணின் நாக்குக்குச் சரியாக ருசி தெரிய வேண்டும் என்று, கடம்பூர் தாண்டுமுன் வேண்டிக்கொண்டேன்.